கம்பி கடத்தாத விசைகள்: டெர்மினல் எடிட்டர்களில் குறுக்குவிசை மாற்றத்தின் வரலாறு

டெர்மினலில் இயங்கும் எடிட்டர்களில் குறுக்குவிசைகளை விருப்பம்போல் மாற்றும் வசதி வளர்ந்த கதை பெரும்பாலும் எடிட்டர்களின் கதையாகவே எழுதப்படுகிறது. பயனருக்கு எவ்வளவு சுதந்திரம் என்பதில் பாதியைத்தான் நிரலாளர்கள் தீர்மானித்தார்கள். மீதியைத் தீர்மானித்தது விசைப்பலகைக்கும் கணினிக்கும் நடுவே ஓடிய கம்பி.

அந்தக் கம்பி கடத்தியது 1963இல் வெளியான ஆஸ்கி என்ற ஏழு பிட் எழுத்துக் குறியீட்டை. அதன் 128 இடங்களில் முதல் 32 கட்டுப்பாட்டுக் குறிகளுக்கானவை. கன்ட்ரோலோடு ஓர் எழுத்தைத் தட்டினால், எழுத்தின் மேல் பிட்டுகள் உதிர்ந்து அந்த 32இல் ஒன்றுதான் மிஞ்சும். பெரிய எழுத்து 'ஐ'யின் எண் 73. 64 கழிந்தால் 9, அதாவது டேப். 'எம்' 13 ஆகி என்டரோடு கலந்துவிடுகிறது; 'எச்' 8 ஆகிப் பேக்ஸ்பேஸோடு. எடிட்டரிடம் வந்து சேர்வது எண் மட்டுமே. விரல் எந்த விசையைத் தொட்டது என்ற செய்தி வழியிலேயே தொலைந்துவிடுகிறது.

இந்த நெருக்கடி இல்லாத ஓரிடத்தில்தான் விசை மாற்றம் தழைத்தது. எம்.ஐ.டி.யின் செயற்கை நுண்ணறிவு ஆய்வக விசைப்பலகைகளில் கன்ட்ரோலோடு மெட்டா என்றொரு விசையும் இருந்தது. இரண்டுக்கும் தனித்தனி பிட் உண்டு. டான் மர்ஃபி 1960களின் தொடக்கத்தில் எழுதிய டெகோ எடிட்டரில், எந்த விசையையும் ஒரு நிரலோடு இணைக்கலாம் என்ற வழியை 1974இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் திறந்துவிட்டார். ஆளாளுக்கு ஒரு விசைத்தொகுப்பு முளைத்தது. ஒருவர் அமைத்ததில் இன்னொருவர் கைவைக்க முடியாத நிலை. அவற்றை ஒன்றாக்க கை ஸ்டீல் முனைந்தார், ஸ்டால்மன் முடித்தார். 1976இல் ஈமேக்ஸ் பிறந்தது. இன்று 'இயல்பான விசைகள்' என்று நாம் ஏற்றுக்கொண்டிருப்பவற்றில் ஒரு பகுதி, மட்டுமீறிய மாற்றத்துக்குப் போட்ட கடிவாளம் என்பது என் கணிப்பு.

சாதாரண டெர்மினல்களுக்கு வந்தபோது ஈமேக்ஸ் திணறியது. மெட்டாவுக்குப் பதில் எஸ்கேப்பை முன்னால் தட்ட வேண்டியிருந்தது. உதவிக்கான கன்ட்ரோல்-எச், பேக்ஸ்பேஸோடு மோதியது. தேடலுக்கான கன்ட்ரோல்-எஸ் இன்னும் மோசம்: தரவு ஓட்டத்தை நிறுத்தச் சொல்லும் குறியும் அதுவே என்பதால் திரை உறைந்து நிற்கும்.

பெர்க்லியில் பில் ஜாய் எழுதிய விஐ இந்தச் சிக்கலைப் பெருமளவு தவிர்த்தது, எழுத்துகளையே கட்டளைகளாக்கியதால். அவர் பயன்படுத்திய ஏடிஎம்-3ஏ டெர்மினலில் தனி அம்புக்குறி விசைகள் கிடையாது. எச், ஜே, கே, எல் விசைகளின் மேல் அம்புகள் பொறிக்கப்பட்டிருந்தன. விசை மாற்றத்துக்கு விஐயில் 'மேப்' கட்டளை உண்டு. ஆனால் ஜேயைக் கேயாகவும் கேயை ஜேயாகவும் மாற்ற நினைத்தால் இரண்டும் ஒன்றையொன்று அழைத்தபடியே சுழலும். பிராம் மூலெனார் 1991இல் வெளியிட்ட விம் எடிட்டரில், இந்தச் சுழலை வெட்டும் 'நோரீமேப்' கட்டளைதான் இன்று பல பயனர்களின் அமைப்புக் கோப்புகளில் நிறைந்திருக்கிறது.

1978இல் வந்த விடி100, அம்புக்குறிக்கு எஸ்கேப்பில் தொடங்கும் மூன்று குறிகளை அனுப்பியது. தனி எஸ்கேப்பா, அம்பின் தலைப்பா என்று அறிய எடிட்டர் சற்றுக் காத்திருக்க வேண்டும். விம் பயனர்கள் எஸ்கேப்பைத் தட்டியபின் உணரும் தயக்கத்தின் வேர் இதுதான். நானோ எடிட்டரிலும் 'பைண்ட்' கட்டளை வழியே விசைகளை மாற்றலாம். ஆனால் கன்ட்ரோல்-ஐ, கன்ட்ரோல்-எம் இரண்டையும் மாற்றினால் டேப்பும் என்டரும் சேர்ந்தே போகும்.

இந்தக் கட்டை அவிழ்க்கும் முயற்சிகளில் முக்கியமானது, கோவிட் கோயலின் கிட்டி டெர்மினலில் உருவான விசை நெறிமுறை. அதில் கன்ட்ரோல்-ஐ, சிறிய எழுத்தின் யூனிகோடு எண்ணான 105ஐயும் கன்ட்ரோலைச் சுட்டும் 5ஐயும் சேர்த்து அனுப்பும். 2022இல் வந்த நியோவிம் எடிட்டரின் 0.7 பதிப்பு, டேப்பையும் கன்ட்ரோல்-ஐயையும் பிரித்தறியத் தொடங்கியது. ஆனாலும் இரண்டில் ஒன்றை மட்டும் மாற்றியமைத்தவருக்கு, அந்த மாற்றம் மற்றதற்கும் சேர்ந்தே பொருந்தும்படி விட்டுவைத்தார்கள். பழைய அமைப்புக் கோப்புகள் முறிந்துவிடக் கூடாதே என்பதற்காக.