ஞானஸ்நானத் தொட்டி, தூய மரியாள் ஆலயம் (சென்னைக் கோட்டை)

சென்னை புனித ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கும் தூய மரியாள் ஆலயத்தின் கருங்கல் தொட்டி. ஆலயம் கட்டப்பட்ட காலத்திலேயே பல்லாவரத்துக் கல்லில் செதுக்கப்பட்டது. கோட்டையில் பிறந்த குழந்தைகளுக்கு 17-ஆம் நூற்றாண்டு முதல் இதில்தான் ஞானஸ்நானம் கொடுத்தார்கள்.

திருச்சபையின் தொடக்க நூற்றாண்டுகளில் ஞானஸ்நானம் பெற்றவர்களில் பெரும்பாலோர் வயது வந்தவர்கள். தண்ணீரில் முழுக வேண்டும். அதற்கு முன்பு ஆலய வழிபாட்டில் முழுமையாகக் கலந்துகொள்ள முடியாது. அதனால் ஞானஸ்நானத்துக்கென்று தனிக் கட்டடமே எழுப்பினார்கள். இத்தாலியில் அந்த மரபு நெடுங்காலம் நீடித்தது. புளோரன்ஸ் நகரத்தின் எண்கோண ஞானஸ்நான மண்டபம் 1059-இல் பிரதிஷ்டை செய்யப்பட்டது. கவிஞர் தாந்தே ஞானஸ்நானம் பெற்றது அங்கேதான். அதன் வெண்கலக் கதவுகளுக்காக 1401-இல் நடந்த போட்டியில் சிற்பி கிபெர்ட்டி வென்றார். முதல் ஜோடிக் கதவு 1424-இல் முடிந்தது. அடுத்த ஜோடிக்கு 1425 முதல் 1452 வரை உழைத்தார். பழைய ஏற்பாட்டுக் கதைகளைப் பத்துப் பலகைகளில் பொன் பூசி வார்த்த அந்தக் கதவுகள் மறுமலர்ச்சிக் காலச் சிற்பத்தின் தலைசிறந்த படைப்புகளாகப் போற்றப்படுகின்றன. சியன்னா நகரத்தின் ஞானஸ்நானத் தொட்டியிலும் கிபெர்ட்டி, தோனதெல்லோ ஆகிய சிற்பிகளின் வெண்கலப் பலகைகள் உண்டு.

குழந்தைகளுக்கே ஞானஸ்நானம் கொடுக்கும் வழக்கம் பரவியபின் தனி மண்டபத்தின் தேவை குறைந்தது. ஆலயத்துக்குள் ஒரு கல் தொட்டி போதும் என்றாயிற்று. ஆங்கிலேயர் சென்னைக்குக் கொண்டுவந்தது இந்தப் பிற்கால வழக்கத்தைத்தான்.

கோட்டையில் ஆலயம் கட்டக் கிழக்கிந்தியக் கம்பெனி பணம் தரவில்லை. கவர்னர் ஸ்ட்ரெய்ன்ஷாம் மாஸ்டர் முன்னின்று ஊழியர்களிடம் நன்கொடை திரட்டினார். 1678 மார்ச் 25 அன்று வேலை தொடங்கியது. 1680 அக்டோபர் 28 அன்று ஆலயம் பிரதிஷ்டை ஆனது. பீரங்கிக் குண்டைத் தாங்கும்படி நான்கடிச் சுவரும், மரமே இல்லாமல் செங்கல்லால் வளைத்துக் கட்டிய கூரையும் அமைத்தார்கள். அந்த நவம்பரிலேயே கம்பெனி ஊழியர் எலிஹு யேலின் திருமணம் இங்கே நடந்தது. 1753-இல் கம்பெனிப் படை அதிகாரி ராபர்ட் கிளைவின் திருமணமும். வழிகாட்டிகள் முதலில் சொல்வது இந்தத் திருமணங்களைத்தான்.

தொட்டியின் கதை அவற்றைவிடக் கனமானது. முகலாயர்களோடு மோதி வங்காளத்தை விட்டு வெளியேறிய கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக் சென்னையில் தங்கியிருந்தார். 1689 ஆகஸ்டில் அவருடைய மூன்று பெண்களும், மேரி, எலிசபெத், கேத்தரின், இந்தத் தொட்டியில் ஞானஸ்நானம் பெற்றார்கள். அவர்களுடைய தாய் இந்தியப் பெண் என்பது வழிவழியாக வரும் செய்தி. மறு ஆண்டு சார்னாக் வங்காளம் திரும்பி, பின்னாளில் கல்கத்தாவாக வளர்ந்த இடத்தில் கம்பெனியின் குடியிருப்பை நிறுவினார். அவர் இறந்தபின் கல்லறைக்குக் கொண்டுபோனதும் சென்னைப் பக்கத்துக் கருங்கல்தான். 1893-இல் நிலவியலாளர் தாமஸ் ஹாலண்ட் அந்தக் கல்லறைக் கல்லை ஆராய்ந்து, அவ்வகைப் பாறைக்குச் சார்னோக்கைட் என்று பெயரிட்டார். உலக நிலவியல் நூல்களெல்லாம் இன்றும் வழங்கும் பெயர் அது. மகள்களின் ஞானஸ்நானத்துக்கும் தகப்பனின் கல்லறைக்கும் கல் கொடுத்தது நம் பல்லாவரம், பரங்கிமலைப் பக்கத்துப் பாறை என்பதை நினைக்கப் பெருமையாகவே இருக்கிறது. கிபெர்ட்டியின் பெயரைப் பாதுகாத்த வரலாறு, இரும்புபோன்ற இந்தக் கல்லைக் குடைந்து வழவழப்பாக்கிய நம்மூர்க் கல்தச்சரின் பெயரைக் குறித்து வைக்கவில்லை. அது பெரிய இழப்பு.

இத்தாலியக் கலையின் சாயலும் இந்த ஆலயத்தில் உண்டு. பலிபீடத்தின் பின்னால் இருக்கும் கடைசி இராப்போஜன ஓவியம், 1761-இல் புதுச்சேரி ஆங்கிலேயரிடம் வீழ்ந்தபோது அங்கிருந்து எடுத்துவரப்பட்டது என்பார்கள். இத்தாலிய ஓவியர் ரஃபேலின் கைவண்ணம் அதில் இருப்பதாகவும் சொல்வதுண்டு. 1520-இல் மறைந்த ரஃபேலோடு அதைச் சேர்க்க உறுதியான சான்று இல்லை. ரஃபேல் பாணியைப் பின்பற்றிய ஓவியம் என்று சொல்வதே சரி. கலைச் சிறப்புக்காக ஓவியத்தைப் பார்க்கலாம். சென்னையின் வரலாற்றுக்குத் தொட்டிதான் முதன்மையானது.

ஆலயம் இப்போது தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்தது, வழிபாடு தொடர்கிறது. டோல்கேட், ராயபுரம், திருவொற்றியூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் பலர் கோட்டையைத் தலைமைச் செயலகமாக மட்டுமே அறிவார்கள். டோல்கேட்டில் மெட்ரோ ஏறினால் வண்டி மாறாமல் உயர் நீதிமன்ற நிலையத்தில் இறங்கலாம். அங்கிருந்து கோட்டை பக்கம்தான். வாசலில் சோதனை உண்டு, அடையாள அட்டை கையில் இருக்கட்டும். பிள்ளைகளை அழைத்துப் போகிறவர்கள் ஓவியத்தோடு திரும்பிவிடாமல் தொட்டியின் அருகிலும் நிறுத்தி, இந்தக் கல்லின் கதையைச் சொல்லுங்கள்.