பட்டியலில் பேர் இருக்கா?



வாக்குரிமைக்குக் காவல் சட்டமா, வாக்காளர் பட்டியலா? இதுதான் இன்றைய தலைப்பு. சட்டமேன்னு எனக்கு முன்னாலே அந்த அம்மா அருமையாப் பேசினாங்க. அரசியல் சட்டத்திலே 326ஆவது பிரிவு இருக்கு, வயசு வந்த எல்லாருக்கும் ஓட்டு உண்டு, அப்புறம் பட்டியல் எதுக்குன்னு கேட்டாங்க. அம்மா, அந்தப் பிரிவை இன்னொரு தடவை படிங்க. வாக்காளராகப் பதிவு செய்யப்பட உரிமை உண்டுன்னுதான் அதிலே எழுதியிருக்கு. சட்டமே உங்களைப் பட்டியலுக்குத்தான் அனுப்புது! (கைதட்டல்)

பட்டியலுக்கு ஒரு பெரிய வரலாறு உண்டு நடுவர் அவர்களே. உத்திரமேரூர்க் குடவோலைன்னு பெருமையாப் பேசுறோம். பேச வேண்டியதுதான். 921ஆம் ஆண்டு, முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு அது. ஆனா குடத்துக்குள்ளே யார் பேரைப் போடலாம்? கால் வேலி நிலம் வேணும், சொந்த மனையிலே வீடு வேணும், 35 வயசுக்கு மேலே 70க்குக் கீழே இருக்கணும், வேதம் படிச்சிருக்கணும். கணக்குக் காட்டாம ஏமாத்தினவனுக்கும் அவன் சொந்தக்காரனுக்கும் இடமில்லே. இன்னைக்கு அந்த விதி இருந்தா எத்தனை பேர் தேறுவாங்கன்னு நான் சொல்ல மாட்டேன். (சிரிப்பு)

1920க்கு வாங்க. சென்னை மாகாணச் சட்டசபைக்குத் தேர்தல். மாகாணத்திலே ஏறக்குறைய 4 கோடி ஜனம். ஓட்டு இருந்தது பன்னிரண்டரை லட்சம் பேருக்கு. சொத்து இருக்கிறவன், வரி கட்டுறவன் பேர்தான் பட்டியல்லே ஏறும். பெண்களுக்கு அதுவும் கிடையாது. 1921லே நம்ம சென்னைச் சட்டசபைதான் இந்திய மாகாணங்களிலே முதன்முதலாகப் பெண்களைப் பட்டியலுக்குள்ளே விட்டது.

விட்டாச்சு, சரி. 1951-52லே சுதந்திர இந்தியாவின் முதல் பொதுத்தேர்தல். தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென். பட்டியல் எழுதப் போனவங்க வீட்டு வாசல்லே நின்னு, 'அம்மா, உங்க பேரு?'ன்னு கேட்டாங்க. வட மாநிலங்களிலே லட்சக்கணக்கான பெண்கள் இன்னாருடைய மனைவி, இன்னாருடைய தாய்னு சொன்னாங்களே தவிர, சொந்தப் பேரைச் சொல்லலே. பேரில்லாமப் பட்டியல் கிடையாதுன்னு சென் உறுதியா நின்னார். ஏறக்குறைய 28 லட்சம் பெண்கள் பட்டியல்லே இடம்பெறலே. சட்டம் அவங்களுக்கு முழு உரிமை கொடுத்திருந்தது. ஓட்டு மட்டும் இல்லே.

அமெரிக்காவைப் பார்க்கச் சொன்னாங்க எதிரணியிலே. பார்ப்போம். அங்கே 1870லேயே, நிறத்தைக் காட்டி ஓட்டை மறுக்கக் கூடாதுன்னு சட்டத் திருத்தம் வந்தாச்சு. ஆனா பட்டியல்லே பேர் சேர்க்க குடிமகன்தான் தேடிப் போகணும். தென் மாநிலங்களிலே கறுப்பின மக்கள் போனா எழுத்தறிவுப் பரீட்சைம்பான், வரி கட்டினியாம்பான். மிசிசிப்பி மாநிலத்திலே 1965க்கு முன்னே பதிவான கறுப்பினத்தவர் நூற்றுக்கு 7 பேர்கூட இல்லே. 95 வருஷமாச் சட்டம் இருந்தும் இதுதான் கதி. 1965லே வாக்குரிமைச் சட்டம் வந்து பதிவு அலுவலகத்துக்கே மத்திய அரசு ஆள் அனுப்பிச்சு. 1967லே நூற்றுக்கு 60 பேரை நெருங்கியாச்சு.

கடைசியா, கடலுக்கு அந்தப் பக்கம் நம்ம ஜனத்தின் கதை. இலங்கையிலே 1931லேயே வயது வந்தோர் வாக்குரிமை. தேயிலைத் தோட்டத் தமிழன் 1947லே ஓட்டுப் போட்டுத் தன் பிரதிநிதிகளை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினான். 1948லே குடியுரிமைச் சட்டம் வந்தது. அப்பன் இங்கே பிறந்ததுக்கு, இல்லேன்னா பாட்டனும் பூட்டனும் பிறந்ததுக்கு ஆதாரம் கொண்டு வான்னது. லயத்திலே பிறந்தவனுக்கு ஏதய்யா பிறப்புச் சான்றிதழ்? 1949லே, குடிமகன் இல்லாதவன் பேர் பட்டியல்லே இருக்கக் கூடாதுன்னு இன்னொரு சட்டம். 1952 தேர்தல்லே அவங்க பிரதிநிதி ஒருத்தர்கூட இல்லே. பறிச்சது சட்டம்தானேன்னு எதிரணி கேட்கும். ஆமா. ஆனா சட்டம் கை வச்ச இடம் எது? பட்டியல்! தொண்டமான் மறுபடி தேர்தல்லே ஜெயிச்சு உள்ளே போக 1977 ஆச்சு. மிச்சம் இருந்த நாடற்றவர்களுக்குக் குடியுரிமை கொடுக்கிற சட்டம் வர 2003 ஆச்சு.

நெய்வேலிக்காரங்களுக்கு நான் ஒண்ணு சொன்னாப் போதும். இங்கே 1930களிலே கிணறு தோண்டும்போதே கறுப்பா வந்தது. 1956லே நிறுவனம் பிறந்து, வெட்டி எடுத்த பிறகுதானே விளக்கு எரிஞ்சது? உரிமையும் அப்படித்தான் பூமிக்குள்ளே கிடக்கு. வேலையிலே ஓய்வு பெற்றுக் குவார்ட்டர்ஸைக் காலி பண்ணி வடலூருக்கோ பண்ருட்டிக்கோ போறவங்க, கட்டில் பீரோவோட பட்டியல்லே உங்க பேரையும் கொண்டு போங்க. அதுக்குப் படிவம் 8. வீட்டிலே பதினெட்டு வயசு நிரம்பின பிள்ளை இருந்தா படிவம் 6. கல்யாணமாகிப் போன பொண்ணு பேர் எந்த ஊர்லே இருக்குன்னு இன்னைக்கு ராத்திரியே போன் போட்டுக் கேளுங்க.

ஓட்டுச்சாவடியிலே அலுவலர் சட்டப் புத்தகத்தையா புரட்டுறார்? பட்டியலைத்தான் புரட்டுறார். ஆகவே, வாக்குரிமைக்குக் காவல் பட்டியலே, பட்டியலே என்று சொல்லி, நல்ல தீர்ப்பை எதிர்பார்த்து அமர்கிறேன்.