கிரனாதா நகரின் பித்தர்

ஒருவரது உள்ளக் கொந்தளிப்பு இறை அனுபவமா, மனநோயா? இவ்வினா திருச்சபைக்குப் புதியதன்று. ஸ்பெயின் நாட்டுக் கிரனாதா நகரில் அது ஒரு நூல் வணிகரின் உருவில் எழுந்தது.

1495-இல் போர்ச்சுக்கலில் பிறந்த யோவான், ஆடு மேய்த்தவர். படைவீரராய்ப் போர்முனை கண்டவர். பின்னர் நூல் விற்றுப் பிழைத்தவர். 1539-ஆம் ஆண்டு புனித செபஸ்தியார் திருநாளன்று அவிலா யோவானின் மறையுரையைக் கேட்டார் என்பது மரபு. தம் பாவங்களை எண்ணிக் கதறினார், தலைமயிரைப் பிய்த்துக்கொண்டார், உடைமைகளை வாரி வழங்கிவிட்டுத் தெருக்களில் அலைந்தார். ஊரார் அவரைப் பித்தரென்று அரச மருத்துவமனையில் அடைத்தனர். கட்டிவைத்துச் சாட்டையால் அடிப்பதே அங்கு அளிக்கப்பட்ட மருத்துவம்!

1585-இல் அவரது வரலாற்றை வெளியிட்ட பிரான்சிஸ்கோ தெ காஸ்திரோ, இதனைக் கிறிஸ்துவுக்காக ஏற்ற பித்துக்கோலமென்றே காண்கிறார். உண்மையான மனமுறிவே என்பாரும் உளர். இன்று நாம் தீர்ப்புக் கூற இயலாது. ஆயினும் ஒன்று தெளிவு: அவரைத் தேற்றியது சாட்டையன்று, அவிலா யோவானின் பரிவுமிக்க ஆன்ம வழிகாட்டலே.

வெளிவந்த யோவான் ஏழை நோயாளருக்கென மருத்துவமனை கண்டார். 1549-இல், தாம் அடிபட்ட அதே அரச மருத்துவமனை தீப்பற்றியபோது, உள்ளே புகுந்து நோயாளரை மீட்டார் என்பர். 1550 மார்ச் 8-இல் இறைவனடி சேர்ந்தார். 1690-இல் புனிதர் பட்டம் பெற்ற அவரையே இறை யோவான் என்று வணங்குகிறோம்.

நம் மண்ணிலும் ஒரு தீ எரிந்தது. 2001 ஆகஸ்டு 6-இல், ஏர்வாடியில் தனியார் காப்பகம் ஒன்றில் 28 மனநோயாளர் மாண்டனர். சங்கிலிகள் அவர்களை ஓடவிடவில்லை. நோயைப் பேயென்று அஞ்சும் மனம் ஒரு சமயத்தாருக்கு மட்டும் உரியதன்று. நம் இல்லங்களிலும் அது உண்டு. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியிடுவதைத் தடைசெய்கிறது.

திருச்சபையோ இதில் முன்னரே எச்சரித்துள்ளது. எவரையும் பேய்பிடித்தவரென்று எளிதில் நம்பலாகாது என்பது 1614-ஆம் ஆண்டின் உரோமைச் சடங்குநூலின் அறிவுரை. 1999-இல் வெளியான திருத்திய சடங்குமுறை, மருத்துவ அறிஞரின் கருத்தையும் நாடச் சொல்கிறது. அருள் இயற்கையை அழிப்பதில்லை என்பதன்றோ நம் இறையியல்?

ஆகவே அன்பர்களே, உங்கள் இல்லத்தில் ஒருவர் குரல்கள் கேட்பதாகச் சொன்னால், செபியுங்கள். மருத்துவரிடமும் அழைத்துச் செல்லுங்கள். ஒன்று மற்றொன்றுக்குப் பகையன்று.