எழும்பூர் மணலு, ஏணி அட்டை, ஸ்மார்ட் போர்டு: தேர்ந்தெடுத்தது யாரு?

எங்க விருத்தாசலத்தைப் பத்தி வெளியூர்க்காரங்ககிட்ட கேட்டா மூணு விஷயம் சொல்லுவாங்க. பழமலைநாதர் கோயிலு, ரயில்வே ஜங்ஷன், பீங்கான் பொம்மை. பீங்கான் தொழில்ல ஒரு நல்ல வழக்கம் உண்டு. புது மண்ணு வந்தா உடனே லோடு கணக்கா இறக்கிட மாட்டாங்க. சின்னதா ஒரு துண்டு பண்ணி, காய வச்சு, சூளையில போட்டு எடுத்துப் பாப்பாங்க. எவ்வளவு சுருங்குது, விரிசல் விடுதா, கோணிக்குதா, என்ன நிறம் வருது, எல்லாம் பாத்த பிறகுதான் மத்த பேச்சு.

பள்ளிக்கூடத்துக்குள்ள வர்ற சாமானை யாராவது இப்படிச் சுட்டுப் பாத்திருக்காங்களா? சிலேட்டு, கரும்பலகை, டிவி, கம்ப்யூட்டர், இப்ப ஸ்மார்ட் போர்டுன்னு ஒண்ணு மாத்தி ஒண்ணு வந்துக்கிட்டே இருக்கு. பாடம் நடத்தற வாத்தியாரு "இது எனக்கு வேணும், இது வேணாம்"னு சொன்ன காலம் எப்பவாவது இருந்துச்சா? தேடிப் போனா ரொம்ப தூரம் போக வேண்டியதில்லை மக்களே, சென்னை எழும்பூர்லயே ஒரு கதை கிடைக்குது.

ஆண்ட்ரூ பெல்னு ஒரு ஸ்காட்லாந்து பாதிரியார். 1787ல மெட்ராஸுக்கு வந்தாரு. 1789ல எழும்பூர்ல ஆரம்பிச்ச ராணுவ ஆண் அனாதைப் பள்ளிக்குப் பொறுப்பாளர் ஆனாரு. அங்க இருந்த பசங்க வெள்ளைக்கார சிப்பாய்ங்களோட பிள்ளைங்க. பெரும்பாலும் அம்மா இந்தியப் பெண்ணா இருப்பாங்க. சம்பளத்துக்கு வேலை பாத்த உதவி ஆசிரியர்கள் கையில பள்ளி மந்தமா ஓடிக்கிட்டு இருந்துச்சு. எழுத்துக் கத்துக் குடுக்கவே மாசக்கணக்கா ஆகுது.

ஒரு நாள் காலையில பெல் போற வழியில நம்ம ஊர்ப் பள்ளி ஒண்ணைப் பாக்குறாரு. பிள்ளைங்க தரையில உக்காந்து மணலைப் பரப்பி விரலால எழுதிக்கிட்டு இருக்காங்க. பெல்லுக்குப் பொறி தட்டிடுச்சு. திரும்பி வந்து, அகர வரிசை வகுப்புக்கு மணல்ல எழுதிக் கத்துக் குடுங்கன்னு உதவி ஆசிரியர்கிட்ட சொன்னாரு. அவரு முடியவே முடியாதுன்னுட்டாரு. பெல் விடலை. ஜான் ஃபிரிஸ்கன்னு 8 வயசுப் பையன் ஒருத்தனைக் கூப்பிட்டு, நீ கத்துக் குடுன்னு வகுப்பை ஒப்படைச்சாரு. பையன் ஜோரா நடத்திட்டான். அடுத்தடுத்து மத்த வகுப்புகளும் பெரிய பசங்க கைக்கே போச்சு.

இதுல ஒரு நுணுக்கம் இருக்கு. மணலை பெல் கண்டுபிடிக்கலை, பாத்தாரு. திண்ணைப் பள்ளியில மணலுக்கு அடுத்தபடி ஓலை. ஓலையில எழுத்தாணியால கீறிட்டா அழிக்க முடியாது. அதனால தப்புப் பண்ற வயசுல மணலு, கை படிஞ்ச பிறகு ஓலைன்னு வச்சிருந்தாங்க. விரல் நேரா எழுத்தைத் தொடுது. தப்பாப் போனா ஒரு தடவு, அவ்வளவுதான். செலவு பூஜ்யம், உடைஞ்சா வாங்கித் தரணுமேங்கற பயமும் இல்லை. குறை என்னன்னா மிச்சம் எதுவும் நிக்காது. சாயங்காலம் அப்பா வந்து "என்னடா எழுதுன?"ன்னு கேட்டா காட்ட ஒண்ணும் இருக்காது. அதை ஈடு கட்டத்தான் மனப்பாடமும், சட்டாம்பிள்ளை தினம் ஒப்பிக்க வைக்கறதும். ஆக மணல் தனியா நின்ன கருவி இல்லை. அதுக்கு முன்னாடி என்ன, பின்னாடி என்ன, பக்கத்துல யாருன்னு எல்லாமே யோசிச்சு வச்ச ஏற்பாடு. யாரு யோசிச்சதுன்னு பேர் தெரியாது. ஃபிரிஸ்கன் பேரு வரலாற்றுல இருக்கு, பெல் பாத்த அந்தப் பள்ளி வாத்தியார் பேரு இல்லை. இது எனக்குக் கொஞ்சம் உறுத்தல்தான்.

அந்தக் காலத்துப் பள்ளிங்கன்னா சொர்க்கம்னு சொல்ல வரலை. சர் தாமஸ் மன்றோ 1822ல கணக்கெடுக்கச் சொல்லி, 1826ல வெளியிட்ட குறிப்புல மெட்ராஸ் மாகாணத்துல 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள்னு வருது. அதுல பெண் பிள்ளைங்க 4,540 பேருதான். எத்தனையோ சாதிப் பிள்ளைங்க அந்தத் திண்ணையில ஏறவே முடியாது. மணல் எல்லாருக்கும் இலவசம், உக்கார்ற இடம் அப்படி இல்லை.

சரி, பெல் கதைக்கு வருவோம். 1796ல ஊர் திரும்பினாரு, 1797ல லண்டன்ல இந்தச் சோதனையைப் பத்திப் புத்தகம் போட்டாரு. ஜோசப் லங்காஸ்டர்னு இன்னொருத்தரும் கிட்டத்தட்ட இதே வழியில லண்டன்ல மணல் மேசை எல்லாம் போட்டுப் பள்ளி நடத்தினாரு. ரெண்டு கோஷ்டிக்கும் யாரு முதல்னு பெரிய சண்டை. 1811ல இங்கிலாந்துத் திருச்சபைக்காரங்க தேசிய சங்கம்னு ஒண்ணு ஆரம்பிச்சு பெல் முறையை நாடெங்கும் பரப்பினாங்க. அதுக்குப் பேரே 'மெட்ராஸ் முறை'. பெல் விட்டுட்டுப் போன பணத்துல ஸ்காட்லாந்துல செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊர்ல 1833ல ஒரு பள்ளி திறந்தாங்க. அது பேரு மெட்ராஸ் காலேஜ், இன்னைக்கும் நடக்குது. நாம மெட்ராஸைச் சென்னைன்னு மாத்திட்டோம், அவங்க மாத்தலை :-)

ஆனா அங்க பரவினதுக்கு முக்கியக் காரணம் மணலோட அருமை இல்லை. மலிவு. நூத்துக்கணக்கான பிள்ளைங்களுக்கு ஒரே ஒரு வாத்தியார் போதும், மிச்சத்தைப் பெரிய பசங்க பாத்துப்பாங்க. கொஞ்ச வருஷத்துல அது வெறும் மெஷின் மாதிரி ஒப்பிக்கற முறையாப் போச்சு. எழும்பூர்ல "முடியாது"ன்னு சொன்ன அந்த உதவி ஆசிரியரை நாம சோம்பேறின்னு சிரிச்சுட்டுப் போயிடலாம். ஆனா பின்னாடி நடந்ததைப் பாருங்க, பெரியவங்க இடத்துல பசங்களே வந்துட்டாங்க. அவரு பயந்தது மணலுக்கா, வேலைக்கான்னு யோசிக்க வேண்டியிருக்கு. புதுக் கருவியை வேண்டாங்கற வாத்தியார்கிட்ட ஏன்னு கேக்கறது அதனாலதான் முக்கியம். சில சமயம் அந்த மறுப்புலயே உருப்படியான விஷயம் இருக்கும்.

சிலேட்டு, கரும்பலகை வந்த கதையை வேகமா தாண்டிடறேன். ஒண்ணு மட்டும் சொல்லிக்கறேன். சாக்பீசும், எங்க ஊர்ல பொம்மை வார்க்கற பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சும் ஒரே ஜிப்சம் வம்சம். அச்சு தண்ணியை உறிஞ்சற வரைக்கும்தான் வேலைக்கு ஆகும், உறிஞ்சறது நின்னுட்டா தூக்கிப் போட்டுடுவாங்க. பள்ளிக்கூட பீரோவுல இந்தக் கணக்கு நடக்காது. 1987ல மத்திய அரசு 'கரும்பலகைத் திட்டம்' கொண்டு வந்துச்சு. தொடக்கப் பள்ளிக்குக் குறைஞ்சது ரெண்டு அறை, ரெண்டு ஆசிரியர், கரும்பலகை, வரைபடம், அறிவியல் பெட்டி. நல்ல திட்டம்தான். ஆனா அந்தப் பெட்டி ஸ்டாக் ரிஜிஸ்டர்ல ஏறின நிமிஷமே சொத்தா மாறிடுச்சு. லென்ஸ் உடைஞ்சா யாரு பதில் சொல்றது? பூட்டி வச்சா யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க. எத்தனையோ பள்ளியில அந்தப் பெட்டி ஆடிட்டுக்கு மட்டும் வெளிய வந்துச்சுன்னா ஆச்சரியமில்லை. அதுக்கு முன்னாடி 1984ல கம்ப்யூட்டர் அறிமுகத் திட்டம்னு நாடு முழுக்க சுமார் 250 பள்ளிகளுக்கு பிபிசி மைக்ரோ கம்ப்யூட்டர் வந்திருந்துச்சு. பெட்டியும் பிரிட்டிஷ், முதல்ல வந்த பாடங்களும் பிரிட்டிஷ்.

இப்ப நம்ம தமிழ்நாட்டுலயே நடந்த, எனக்கு ரொம்பப் பிடிச்ச கதை. 2003ல எம்.பி. விஜயகுமார் சென்னை மாநகராட்சி ஆணையரா இருந்தாரு. ஆந்திராவுல மதனப்பள்ளி பக்கத்துல ரிஷிவேலிப் பள்ளி இருக்குல்ல, அவங்க சுத்துக் கிராமத்துப் பள்ளிகளுக்காக அட்டைகளை வச்சு ஒரு முறை உருவாக்கியிருந்தாங்க. மாநகராட்சி ஆசிரியர்களை அங்க அனுப்பிப் பாத்துட்டு வரச் சொன்னாங்க. போனவங்க பாத்தாங்க, திரும்பி வந்து அவங்களே உக்காந்து நம்ம பாடத்துக்கு அட்டை எழுதினாங்க. முதல்ல 13 பள்ளியில மட்டும் நடத்திப் பாத்தாங்க. கவனிங்க மக்களே, சூளையில துண்டு போட்டுப் பாக்கறது இதுதான்!

செயல்வழிக் கற்றல், சுருக்கமா ஏ.பி.எல். சுவத்துல ஒரு ஏணி வரைபடம். ஒவ்வொரு படிக்கும் ஒரு சின்னம் போட்ட அட்டை. பிள்ளை தானே ஏணியைப் பாத்து, தன்னோட அட்டையை எடுத்து, அதுக்குண்டான குழுவுல போய் உக்காரும். ஒரு குழுவுக்கு ஆசிரியர் முழுசா உதவுவாரு, இன்னொண்ணுல பாதி, இன்னொண்ணுல சக பிள்ளைங்களே, இன்னொண்ணுல தனியா. சுவத்தோட அடியில பிள்ளை உயரத்துக்குக் கரும்பலகை, ஆளுக்கொரு பங்கு. வாத்தியாரும் பாயில உக்காரணும். நாலு நாள் காய்ச்சல்ல படுத்த பிள்ளை திரும்பி வந்தா விட்ட இடத்துலேர்ந்து ஏறலாம். சட்டாம்பிள்ளையோட பேரப் பிள்ளை மாதிரி இருக்கு இல்ல? ஒரு வித்தியாசம், இங்க கையில பிரம்பு கிடையாது.

2007-08ல இது மாநிலம் முழுக்க 37 ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொடக்கப் பள்ளிகளுக்குப் போச்சு. அங்கதான் நிறம் மாறுது. 13 பள்ளியில அட்டை எழுதின ஆசிரியருக்கு அது சொந்தப் பொருள். ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி இருக்கற மாதிரி உணர்ற ஒரு கிராமத்து ஓராசிரியருக்கு அது மேலேர்ந்து வந்த பார்சல். அட்டை கிழியுது, தொலையுது. வரிசை எனக்கு ஒத்துவரலை, மாத்திக்கறேன்னு சொல்ல வழியில்லை. வீட்டுப்பாடமே இல்லையேன்னு பெத்தவங்க சண்டைக்கு வர்றாங்க. நல்லா நடத்தின ஆசிரியர்களும் நிறைய பேரு உண்டு, பாயில உக்காந்து பிள்ளை முகத்தைப் பாத்துப் பாடம் நடத்தினது அவங்களுக்கே புது அனுபவம். முறை ஒண்ணுதான், அட்டையும் ஒண்ணுதான். தேர்ந்தெடுத்த கை வேற. பிறகு அதை எளிமையாக்கிப் பாத்தாங்க, 2022ல 'எண்ணும் எழுத்தும்' வந்துச்சு.

வாத்தியாரே இல்லாம கருவி மட்டும் போதும்னு சொன்னவரும் உண்டு. சுகதா மித்ரா 1999ல டெல்லி கால்காஜியில சுவத்துல ஓட்டை போட்டு கம்ப்யூட்டர் வச்சாரு. பிறகு சுனாமி பாதிச்ச காளிக்குப்பத்துல தமிழ்ப் பிள்ளைங்ககிட்ட உயிரி மூலக்கூறு பாடத்தை இங்கிலீஷ்ல குடுத்துட்டுப் போனாரு. பூஜ்யத்துல இருந்து 30 சதவீதம் வந்துச்சு. அப்புறம் அந்தப் பாடமே தெரியாத, பிள்ளைங்களுக்கு அறிமுகமான ஒரு அக்காவைப் பக்கத்துல நிக்கச் சொன்னாரு. "அட, எப்படி இதைச் செஞ்சீங்க?"ன்னு அவங்க வியந்தாலே போதும்னு ஏற்பாடு. 50ஐத் தொட்டுச்சு. அவரு இதைக் கம்ப்யூட்டரோட வெற்றியாச் சொன்னாரு. நான் அந்த 20ஐத்தான் பாக்கறேன், அது அக்கா போட்ட மார்க்கு. வடக்கே அல்மோராவுல இதே மாதிரி வச்ச கம்ப்யூட்டருங்க கவனிக்க ஆளில்லாம கிடந்ததையும் 2010ல ஒரு ஆய்வாளர் எழுதியிருக்காங்க.

அப்புறம் வந்ததெல்லாம் உங்களுக்கே தெரியும். 2011ல விலையில்லா மடிக்கணினி, 2018 புதுப் பாடப்புத்தகத்துல கியூஆர் கோடு, 2019 ஆகஸ்ட்ல கல்வித் தொலைக்காட்சி, தொடக்கப் பள்ளிகளுக்கும் ஸ்மார்ட் வகுப்பறை. 2023ல யுனெஸ்கோவே உலகக் கல்வி அறிக்கையில, இந்தத் தொழில்நுட்பமெல்லாம் யாரோட நிபந்தனையில வருதுன்னு கேட்டுச்சு. பலன் தருதுங்கறதுக்கு நடுநிலையான ஆதாரம் குறைவுன்னும் சொல்லுச்சு.

எனக்குத் தெரிஞ்ச ஒரு டீச்சர் இருக்காங்க, இங்க பக்கத்து கிராமம். புதுசா ஏதாவது ஆப் வந்தா நேரா வகுப்புல காட்ட மாட்டாங்க. முதல்ல வகுப்புலயே மெதுவாப் படிக்கற ரெண்டு பிள்ளைங்க கையில குடுத்து, தான் ஒண்ணும் பேசாம பத்து நிமிஷம் பக்கத்துல உக்காருவாங்க. கரண்ட் போனா என்ன பண்றது, இதே பாடத்துக்குப் புளியங்கொட்டை போதாதான்னு அப்புறம் ஒரு யோசனை. கியூஆர் கோடுல எது உருப்படி, எது வெறும் பேசற புத்தகம்னு பாடவாரியா ஒரு நோட்டுல குறிச்சு வச்சிருக்காங்க. பக்கத்துப் பள்ளி டீச்சருங்க அதை செராக்ஸ் எடுத்துட்டுப் போறாங்க. "எந்த டிரெய்னிங்லயும் எங்ககிட்ட இதைக் கேட்டதில்லீங்க, எத்தனை முறை ஆன் பண்ணீங்கன்னுதான் கேப்பாங்க"ன்னாங்க.