மண்டபம் முகாமும் குழந்தைகளின் உடலும்



அகதிக் குழந்தைகளின் உழைப்பைப் பற்றிப் பேசும்போது, அவர்களின் படிப்பு நின்றுபோனதைப் பற்றியே நாம் பெரும்பாலும் பேசுகிறோம். அந்த உழைப்பு அவர்கள் உடலை என்ன செய்தது என்று கேட்பதில்லை. இந்த நினைவுச் சொற்பொழிவில் அந்தக் கேள்வியை மண்டபம் முகாமிலிருந்து தொடங்குகிறோம்.

ராமேசுவரம் போகும் வழியிலுள்ள மண்டபம் முகாம் அகதிகளுக்காக ஏற்பட்டதல்ல. இலங்கைத் தோட்டங்களுக்குக் கூலிகளாகப் போனவர்களைத் தடுத்துவைத்துச் சோதிப்பதற்காக, ஆங்கிலேயர் காலத்தில் இலங்கை அரசு நடத்திய இடம் அது. காலராவும் பிளேக்கும் தீவுக்குள் போய்விடக் கூடாது என்பதே அவர்களின் கவலை. அம்மை குத்தினார்கள்; கொக்கிப்புழுவுக்கு மருந்து கொடுத்தார்கள். கங்காணியின் பின்னால் நின்றவர்களில் பெரும்பாலோர் பறையர், பள்ளர், அருந்ததியர். பஞ்சமும் பண்ணையடிமைத்தனமும் அவர்களை ஊரைவிட்டுத் துரத்தியிருந்தன. பெற்றோரின் கையைப் பிடித்தபடி குழந்தைகளும் அந்த வரிசையில் நின்றார்கள்.

தோட்டத்தில் அந்தக் குழந்தைகளுக்கு விலை போட்டார்கள். 1927ஆம் ஆண்டின் சட்டப்படி நிர்ணயமான குறைந்தபட்ச நாள்கூலி, மலைநாட்டுத் தோட்டங்களில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43, குழந்தைக்கு 32. குழந்தைக்கென்று தனிக் கணக்கு எழுதும் அளவுக்கு அது வழக்கமான வேலையாக இருந்தது. கொக்கிப்புழுவின் இளம்புழு, மலம் கலந்த ஈரமண்ணிலிருந்து செருப்பில்லாத பாதத்தைத் துளைத்து ஏறும். குடலில் தங்கி இரத்தத்தை உறிஞ்சும். வளரும் பிள்ளைக்குச் சோகை பிடிக்கும், வளர்ச்சி குன்றும், பாடமும் மனதில் நிற்காது. 1916இல் ராக்பெல்லர் அறக்கட்டளை இலங்கையில் இந்தப் புழுவை ஒழிக்கும் வேலையைத் தொடங்கியது. மருந்து கொடுக்கச் சம்மதித்த தோட்ட முதலாளிகள் கழிப்பறை கட்டும் செலவுக்குத் தயங்கினார்கள். மருந்து குடித்த பிள்ளை மறுபடியும் அதே மண்ணில்தான் நடந்தது.

1948இல் இலங்கை இம்மக்களின் குடியுரிமையைப் பறித்தது. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப முடிவு செய்தது. அந்த மக்களை யாரும் கேட்கவில்லை. தலைமன்னாரில் கப்பல் ஏறி, முன்னோர்கள் சோதிக்கப்பட்ட அதே மண்டபத்துக்கு வந்து சேர்ந்தார்கள். பிழைக்க வழியில்லாமல் கொடைக்கானல் மலைக்குப் போய், முன்பணம் வாங்கி வாட்டில் மரப்பட்டை உரித்தவர்கள் கொத்தடிமைகளானார்கள். அந்தக் கொடுமை 1980களில் வெளியே தெரிந்தது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டமோ 1976இலேயே வந்துவிட்டது. கொத்தடிமை முறையில் கடன் குடும்பத்தின் பெயரில் இருக்கும். குழந்தையின் கையும் அந்தக் கடனுக்குள் அடங்கும்.

1983க்குப் பிறகு மண்டபத்துக்கு வந்தவர்கள் போருக்குத் தப்பிய அகதிகள். வன்முறைக்கு அஞ்சி ஏற்கெனவே வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் நகர்ந்திருந்த மலையகத் தமிழர்களும் அவர்களில் உண்டு. அகதிகளுக்கான 1951ஆம் ஆண்டின் சர்வதேச உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. படித்தாலும் அரசு வேலை கிடையாது என்று தெரிந்த முகாம் பையன்கள் பாதியில் படிப்பை விட்டு பெயின்ட் வேலைக்குப் போனார்கள்.

அந்த வேலை உடலை என்ன செய்யும்? பழைய சுவரை உப்புத்தாளால் தேய்க்கும்போது பழைய பெயின்டிலுள்ள ஈயம் தூசியாகிறது. பெயின்டில் ஈயத்தின் அளவு 90 பிபிஎம்முக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த பெயின்ட் இன்னும் சுவர்களில் இருக்கிறது. ஈயம் நரம்பையும் மூளையையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். தின்னரின் ஆவி தலைவலியும் மயக்கமும் தரும். மயக்கத்தோடு சாரத்தில் நிற்பவன் விழுந்தால் என்னாகும் என்று நாம் சொல்லத் தேவையில்லை. சட்டையில் ஒட்டிய தூசி பத்துக்குப் பத்து அறைக்குள் தம்பி தங்கையிடமும் வருகிறது. வயிற்றுக்குள் போகும் ஈயத்தைச் சிறு குழந்தையின் உடல், பெரியவர்களைவிட 4 முதல் 5 மடங்கு அதிகமாக உறிஞ்சும்.

மூன்று தலைமுறைகளின் ஏடுகளைப் பாருங்கள். தோட்டத்தில் செக்ரோல், மலையில் கடன் கணக்கு, முகாமில் தணிக்கைப் பதிவேடு. தலைகளை எண்ணுவதில் எந்த அரசும் முதலாளியும் தவறியதில்லை. வேலை செய்த குழந்தையின் நோய்க்கு மட்டும் ஏடு இல்லை. 2021இல் முகாம்கள் ‘மறுவாழ்வு முகாம்’ என்று பெயர் மாற்றப்பட்டன. பெயரை வரவேற்போம். மறுவாழ்வு என்பது உடலுக்கும் சேர்த்துத்தான் என்பதையும் கேட்டு வாங்குவோம்.

மாணவர்களே, அந்த ஏட்டை நீங்கள் தொடங்குங்கள். எந்த வயதில் வேலைக்குப் போனார்கள், என்ன வேலை, எத்தனை ஆண்டு, இப்போது உடலில் என்ன தொல்லை என்று முகாம் மக்களோடு உட்கார்ந்து, அவர்கள் சம்மதத்தோடு எழுதுங்கள். சோகைக்கும் ஈயத்துக்கும் இரத்தப் பரிசோதனை செய்யுமாறு அரசிடம் கேளுங்கள். தோட்டங்களைக் காக்க மண்டபத்தில் ஒவ்வொரு கூலியையும் சோதிக்க முடிந்திருக்கிறது. குழந்தைகளைக் காக்கவும் அது முடியும்.