கோ மொழியும் நம் உயிர்மெய்யும்



தமிழில் 'கோ' என்றால் அரசன். அதே ஒலியில் பெயர் கொண்ட நிரல்மொழி ஒன்றின் வரலாற்றை இன்று எழுதுகிறேன்.

2007-இல் கூகுள் நிறுவனத்தில் ராபர்ட் கிரீசிமர், ராப் பைக், கென் தாம்சன் ஆகிய மூவர் இம்மொழியை வடிவமைக்கத் தொடங்கினர். பெரிய நிரல்களைத் தொகுக்க நெடுநேரம் காத்திருக்க வேண்டியிருந்தது அதற்கு ஒரு காரணம். 2009 நவம்பரில் கோ வெளிவந்தது. 2012-இல் முதற்பதிப்பு நிலைபெற்றது.

விரைவான தொகுப்பு, 25 மட்டுமேயான கட்டளைச் சொற்கள், பல பணிகளை ஒருங்கே நடத்தும் திறன் ஆகியவை இதன் வலிமை. எளிமை கருதிச் சிலவற்றை விட்டும் வைத்தனர். பல தரவு வகைகளுக்கும் பொதுவான செயற்கூறு எழுதும் வசதி 2022-இல்தான் சேர்ந்தது.

என் மனத்தை உறுத்துவது வேறொன்று. தாம்சனும் பைக்கும் 1992-இல் உருவாக்கிய யு.டி.எஃப்-8 குறிமுறையில்தான் இன்று இணையத்தில் தமிழ் உலவுகிறது. அவர்களுடைய கோ மொழியோ, மாறியின் பெயரில் உயிர்க்குறியையும் புள்ளியையும் ஏற்பதில்லை. 'மரம்' என்று பெயரிட்டால் புள்ளியில் பிழை காட்டுகிறது. மேற்கோள் குறிக்குள் தரவாக இட்டால் தடையில்லை. பைத்தான் 3 அப்பெயரை அப்படியே ஏற்கிறது.

ஆகவே, நிரலாக்கத்தில் தேர்ந்த மாணவர்களுக்குக் கோ மொழியைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். தாய்மொழியில் பெயரிட்டு நிரல் எழுதத் தொடங்கும் தமிழ்ப்பள்ளிக் குழந்தைக்கு மட்டும் பைத்தானையே முதலில் கொடுப்பேன்.