மண்ணுக்குக் கீழே ஒரு வரலாறு

"சிவிலா எடுத்திருக்கே? கம்ப்யூட்டர் கிடைக்கலையா?"

கல்லூரியில் சேர்ந்த வருடம் ஒரு கல்யாண வீட்டில் பெரியப்பா ஒருவர் இப்படிக் கேட்டார். செங்கல்லும் சிமெண்டும்தானே, கொத்தனாருக்குத் தெரியாததையா உனக்குச் சொல்லித் தரப்போகிறார்கள் என்று பக்கத்தில் இருந்தவர்களும் சிரித்தார்கள். அன்று எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இப்போது கொஞ்சம் தெரியும். அதைத்தான் இங்கே எழுதுகிறேன் நண்பர்களே.

முதலில் பெயரைப் பார்ப்போம். ஐரோப்பாவில் ஒரு காலத்தில் எஞ்சினியர் என்றால் இராணுவத்துக்காகக் கோட்டையும் பாலமும் கட்டுபவர் என்றுதான் பொருள். 18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் ஜான் ஸ்மீட்டன், பொதுமக்களுக்கான வேலைகளைச் செய்பவர் என்ற பொருளில் தன்னை 'சிவில் எஞ்சினியர்' என்று அழைத்துக்கொண்டார். 1771இல் இவரும் நண்பர்களும் சேர்ந்து சிவில் எஞ்சினியர்களுக்கென்று ஒரு சங்கமே தொடங்கினார்கள். நம் சென்னையில் 1794இல் தொடங்கிய நில அளவைப் பள்ளிதான் பின்னாளில் கிண்டி பொறியியல் கல்லூரியாக வளர்ந்தது.

ஸ்மீட்டனுக்குப் புகழ் தந்தது எடிஸ்டோன் கலங்கரை விளக்கம். பிளிமத் துறைமுகத்துக்கு வெளியே, நடுக்கடலில் உள்ள பாறையின் மேல் அது நின்றது. அங்கே முதலில் கட்டிய விளக்கத்தை 1703ஆம் ஆண்டுப் புயல் கொண்டுபோனது. கட்டியவரும் அதோடு போனார். அடுத்து மரத்தால் கட்டியது 1755இல் எரிந்தது. மூன்றாவதாக வந்த ஸ்மீட்டன், தச்சர்கள் மரத்தை இணைப்பதுபோல் கற்களை ஒன்றோடொன்று கோத்தார். தண்ணீருக்குள்ளேயே இறுகும் சுண்ணாம்பைத் தேடிப் பல சோதனைகள் செய்து, களிமண் கலந்த சுண்ணாம்புக்கல்லே அதற்கு ஏற்றது என்று கண்டுபிடித்தார். 1824இல் ஜோசப் ஆஸ்ப்டின் காப்புரிமை பெற்ற போர்ட்லண்ட் சிமெண்டுக்கு இது முன்னோடி.

1759இல் ஏற்றிய அந்த விளக்கு 120 ஆண்டுகளுக்கு மேல் எரிந்தது. பிறகு ஏன் கைவிட்டார்கள் தெரியுமா? கோபுரம் உறுதியாகத்தான் இருந்தது. அதன் கீழே இருந்த பாறையை அலை அரித்துவிட்டது! கோபுரத்தின் மேல்பகுதியைப் பிரித்துக் கொண்டுபோய்க் கரையில் மறுபடி கட்டினார்கள். இன்றும் பிளிமத்தில் பார்க்கலாம்.

பாறையே இப்படி என்றால், மணலில் எப்படிக் கட்டுவது?

இந்தக் கேள்விக்கு நம் காவிரியில் பழைய விடை ஒன்று இருந்தது. கரிகாலன் கட்டியதாகச் சொல்லப்படும் கல்லணை. 1829இல் காவிரிப் பாசன வேலைக்கு வந்த ஆர்தர் காட்டன் அதை ஆராய்ந்தார். ஆற்று மணலில் பெரிய கற்களைப் போட்டால் அவை கொஞ்சம் கொஞ்சமாகப் புதையும். மேலும் மேலும் போட, ஒரு கட்டத்தில் அசையாமல் நிற்கும். அதையே அடித்தளமாக்கி மேலே அணை எழுப்பியிருந்தார்கள். ஆழம் தெரியாத மணலில் அடித்தளம் போடும் வித்தையை இந்த மக்களிடமே கற்றோம் என்று காட்டன் பின்னாளில் வெளிப்படையாக எழுதினார். 1836இல் முக்கொம்பில் மேலணையும், 1847 முதல் 1852 வரை கோதாவரியில் தவளேஸ்வரம் அணையும் அவரால் எழுந்தன.

ஆனால் இதெல்லாம் அனுபவ அறிவு. மண் ஏன் அமிழ்கிறது, எவ்வளவு அமிழும் என்று கணக்கிட வழி தந்தவர் கார்ல் டெர்சாகி. 1925இல் வெளிவந்த அவருடைய நூலிலிருந்துதான் நவீன மண் இயக்கவியல் தொடங்குகிறது. களிமண்ணின் துகள்களுக்கு இடையே தண்ணீர் இருக்கிறது. மேலே பாரம் ஏற்றினால் முதலில் அந்தத் தண்ணீர்தான் தாங்கும். அது மெல்ல மெல்ல வெளியேற, பாரம் துகள்களுக்கு மாறி, மண் இறுகும்.

இதைப் புரிந்துகொண்டால் பைசா கோபுரத்தின் அதிசயமும் புரியும். 1173இல் தொடங்கிய வேலை சில மாடிகளோடு நின்றுபோய், ஏறக்குறைய நூறு ஆண்டு கழித்துத்தான் தொடர்ந்தது. அந்த இடைவெளியில் அடிமண் இறுகியது. ஒரேயடியாகக் கட்டியிருந்தால் அன்றே சாய்ந்து விழுந்திருக்கும் என்கிறார்கள் நிபுணர்கள். 1990இல் ஆபத்து என்று மூடப்பட்ட கோபுரத்தை எப்படிக் காப்பாற்றினார்கள்? சாயாத பக்கத்தின் அடியிலிருந்து மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தார்கள். கோபுரம் தானாகவே சற்று நிமிர்ந்தது. 2001இல் மறுபடி திறந்தார்கள்.

இன்றைய புதுமைகளுக்கு ஓர் உதாரணம், 2010இல் துபாயில் திறந்த புர்ஜ் கலிஃபா. உயரம் 828 மீட்டர். எல்லோரும் அண்ணாந்து பார்க்கிறோம். ஆனால் அதைத் தாங்கிப் பிடிப்பவை, 50 மீட்டர் ஆழம்வரை இறங்கும் ஏறத்தாழ 190 கான்கிரீட் பைல்கள். அங்கே கீழே இருப்பது உறுதியில்லாத பாறை. அதனால் பைல்களின் பக்கங்களுக்கும் பாறைக்கும் உள்ள உராய்வை நம்பித்தான் கோபுரம் நிற்கிறது.

கடைசியாக மறுபடி காவிரிக்கே வருகிறேன். 2018 ஆகஸ்ட் 22 இரவு, முக்கொம்பில் காட்டன் கட்டிய மேலணையின் 9 மதகுகளை வெள்ளம் அடித்துச் சென்றது. ஆற்றில் மணல் அள்ளியதுதான் காரணம் என்று விவசாயிகள் குற்றம் சாட்டினார்கள். பின்னர் அருகிலேயே புதிய கதவணை கட்டப்பட்டது. 182 ஆண்டு நின்ற கட்டுமானம் ஒரே இரவில் போனதைப் படித்தபோது எனக்கு எடிஸ்டோன் பாறைதான் நினைவுக்கு வந்தது. கட்டி முடிப்பதோடு வேலை முடிவதில்லை. கீழே என்ன நடக்கிறது என்று யாராவது பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

அடுத்த கல்யாணத்தில் பெரியப்பா மறுபடி கேட்டால் என் பதில் தயார். "மேலே தெரிகிறதைக் கொத்தனாரும் கட்டுவார் பெரியப்பா. கீழே தெரியாமல் இருக்கே, அதைப் படிக்கத்தான் நான் போனேன்."